எங்கள் ஊராட்சியைப் பேரூராட்சியாக மாற்றச் சொல்லிக் கேட்கலாமா? ஊர் எங்கள் கையை விட்டுப் போகிறது

வாய்க்கால்மேடு

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் நெடுஞ்சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறாயிரம் பேர் இருப்போம். ஐந்து வருஷத்தில் ஏழு இடத்தில் மனை போட்டுவிட்டார்கள். போன ஐப்பசி மழையில் கீழத்தெருவில் பன்னிரண்டு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, என் நினைவு தெரிந்து அந்தத் தெருவில் தண்ணீர் ஏறியதே இல்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குப் போகும் வரத்து வாய்க்காலை ஒட்டி ஒரு லே-அவுட்டுக்கு மதில் எழுப்பினார்கள், எழுப்பும்போது வாய்க்காலில் பாதியையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்த பாதியில் கட்டட இடிபாடு. போதாததற்கு ராத்திரியில் செப்டிக் டேங்க் லாரி வந்து ஏரி உள்வாயில் திறந்துவிட்டுப் போகிறது.

ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் செயலர் ஒருத்தர்தான், அவரும் பக்கத்து ஊராட்சியைக் கூடுதலாகப் பார்க்கிறார். தலைவர் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்துவிட்டது, அப்படிப் பதவிக்காலம் முடிந்த 27 மாவட்டங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. அதற்கப்புறம் எல்லாம் தனி அலுவலர் கையெழுத்துதான்.

ஊர் இளைஞர்கள் நாங்கள் முப்பது பேர் உட்கார்ந்து பேசினோம். பேரூராட்சி ஆகிவிட்டால் செயல் அலுவலர் வருவார், பணியாளர் வருவார்கள், கட்டட அனுமதி நம் மன்றத்தின் கையில் இருக்கும், எங்கே வீடு வரலாம் எங்கே வரக்கூடாது என்று நாமே சொல்லலாம் என்பது எங்கள் எண்ணம். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டு வரலாமா என்று பார்க்கிறோம். பெரியவர்கள் பலர் வேண்டாம் என்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நூறுநாள் மகள்

அண்ணா, முதலில் ஒரு கேள்வி. அந்த முப்பது பேரில் எத்தனை பேர் வீட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள்?

எங்கள் அம்மா போகிறார். அந்தச் சம்பளத்தில்தான் என் தம்பி பாலிடெக்னிக் முடித்தான். வேலை உறுதித் திட்டம் ஊரகப் பகுதிக்கானது, பேரூராட்சி என்று அரசாணை வந்த பிறகு அந்த வேலை அட்டைக்கு மதிப்பு இல்லை. 2022-ல் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று அரசு ஒன்று தொடங்கியது உண்மைதான், ஆனால் தேர்ந்தெடுத்த சில இடங்களில் மட்டும், சிறிய அளவில் தொடங்கியது. அம்மா மாதிரி ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை நம்பி இருக்க முடியாது. கலைஞரின் கனவு இல்லம் என்று குடிசைக்குப் பதிலாக வீடு கட்ட மூன்றரை லட்சம் தருகிறார்களே, அதுவும் ஊரகப் பகுதிக்குத்தான். உங்கள் ஊரில் குடிசை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தீர்மானம் எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் வரத்து வாய்க்கால் மாதிரி எங்கள் ஊரில் இருப்பதை வருஷா வருஷம் தூர்வாருவது நூறு நாள் வேலைக்காரர்கள்தான். அந்த ஆட்கள் இல்லாவிட்டால் யார் இறங்குவார்கள்? ஒப்பந்தக்காரர் பொக்லைன் கொண்டுவந்து கரையையும் சேர்த்து வழித்துவிட்டுப் போவார்.

பேரூராட்சிவாசி

நான் பேரூராட்சியில் பிறந்து வளர்ந்தவன், நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

நல்லது: காலையில் ஏழு மணிக்குக் குப்பை வண்டி தெருவுக்கு வருகிறது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் போன் போட ஒரு எண் இருக்கிறது. குடிதண்ணீருக்கு ஊரகத்தில் ஜல் ஜீவன் கணக்கு ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். நகர்ப்புறத் திட்டங்களில் பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கே 70 லிட்டர் என்று கணக்கு வைத்துத்தான் தொட்டி கட்டுகிறார்கள். காகிதக் கணக்குதான், ஆனாலும் தொட்டியின் அளவை அதுதானே தீர்மானிக்கிறது.

கெட்டது: வரி. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே நகர்ப்புற வீடுகளுக்கு ஏற்றினார்களே, 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். எங்கள் வீட்டுக்கு 75. அது போக காலிமனை வரி தனி. பிள்ளைக்கு என்று வாங்கிப்போட்ட மனைக்கும் கட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. ஊராட்சித் தலைவரை நீங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள், கட்சிச் சின்னமும் கிடையாது. பேரூராட்சித் தலைவரை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. கவுன்சிலர்கள் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் கவுன்சிலர்கள் கட்சிச் சின்னத்தில் நின்றவர்கள். 2022 பிப்ரவரி 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டு, தலைவர் யார் என்று தெரிய எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. கிராம சபை மாதிரி ஊரே உட்கார்ந்து கணக்குக் கேட்கும் இடமும் கிடையாது. பகுதி சபை, வார்டு குழு என்று 2022-ல் விதி வந்தது, எங்கள் வார்டில் கூடியதை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

ஆனால் வாய்க்கால்மேடு சொல்லும் பிரச்சினை வேறு. அவருக்குக் குப்பை வண்டி வேண்டாம், ஊர் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வேண்டும். அது எங்கள் பேரூராட்சிக்கு இருக்கிறதா என்று கேட்டால், நேர்மையாகச் சொல்கிறேன், நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரிலும் ஏரிக்குப் பக்கத்தில் மனை போட்டார்கள்.

ஓய்வுபெற்ற எழுத்தர்

முப்பத்தோரு வருஷம் இந்தக் கோப்புகளோடுதான் குப்பை கொட்டினேன். அதனால் தம்பிக்கு நேராகவே சொல்கிறேன். உங்கள் தீர்மானம் நிறைவேறி, அரசாணை வந்து, பலகையும் மாறினாலும் நீங்கள் நினைக்கிற அதிகாரம் வராது.

எந்த நிலம் எதற்கு என்று முடிவு செய்வது 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி முழுமைத் திட்டம் போடுவது உள்ளூர் திட்டக் குழுமமும் நகர் ஊரமைப்பு இயக்ககமும், அதாவது நாம் டிடிசிபி என்று சொல்கிறோமே அது. அந்தத் திட்ட எல்லைக்குள் ஊராட்சியும் இருக்கும், பேரூராட்சியும் இருக்கும், நகராட்சியும் இருக்கும். வரைபடத்தில் உங்கள் வயலுக்குக் குடியிருப்பு நிறம் அடித்துவிட்டால் நீங்கள் ஊராட்சியா பேரூராட்சியா என்று அது பார்க்காது. திட்டம் இல்லாத பகுதி என்றால் 2017 நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் இருக்கின்றன, நஞ்சையை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அதிலும் உள்ளாட்சியின் பங்கு கொஞ்சம்தான்.

லே-அவுட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது டிடிசிபி. உள்ளாட்சி கடைசியில் இறுதி ஒப்புதல் தரும், காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. தனி வீட்டு அனுமதியோ இன்னும் சுலபம், 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று போட்டு இணையத்திலேயே அனுமதி வாங்கிவிடலாம். எந்த மன்றமும் கூட வேண்டியதில்லை.

பேரூராட்சி ஆவதால் நிதி வரவு மாறும், வரி மாறும், பணியாளர் வருவார்கள். அவ்வளவுதான். இந்தப் பெயர் மாற்றத்தை வளர்ச்சிக்கான கடிவாளம் என்று நினைக்காதீர்கள். 2004-ல் மாநில அரசே பெரும்பாலான பேரூராட்சிகளைச் சிறப்பு சிற்றூராட்சி என்று மாற்றியது, 2006-ல் திரும்பவும் பேரூராட்சி ஆக்கியது. இரண்டு வருஷம் அந்த ஊர்கள் எல்லாம் சட்டப்படி கிராமம். ஒரு மனை கூடக் குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

டெக்சாஸ் மேய்ச்சல்

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பதினாறு வருஷமாக டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே நிலைமை நேர்மாறு. எந்த நகரத்துக்கும் சேராத கிராமப் பகுதியை நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுண்டி நிர்வாகம் பார்க்கும், ஆனால் இந்த நிலம் வீட்டுக்கு, இந்த நிலம் கடைக்கு என்று வரையறுக்கும் அதிகாரம் பெரும்பாலும் கவுண்டிக்கு இல்லை. பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் ஜல்லி ஆலை வந்தால் கூட ஊர்க்காரர்களால் அதை வைத்துத் தடுக்க முடியாது. அதனால் மனு கொடுத்து, வாக்கெடுப்பு நடத்தி, தங்களையே ஒரு நகரமாகப் பதிவு செய்துகொள்கிறார்கள். இருநூறு பேருக்குக் கொஞ்சம் மேல் இருக்கிற ஊர் கூட அப்படி ஆகலாம். ஆன பிறகு நில வரையறை அதிகாரம் அவர்களுக்கே வருகிறது. போலீஸ், தீயணைப்பு எல்லாம் சொந்தமாக வைக்க வேண்டும் என்பதும் இல்லை. கலிபோர்னியாவில் லேக்வுட் என்ற ஊர் 1954-ல் நகரமானபோது பெரும்பாலான சேவைகளைக் கவுண்டியிடமே ஒப்பந்தத்துக்கு வாங்கிக்கொண்டது, அதைப் பார்த்து எத்தனையோ சிறிய ஊர்கள் அப்படியே செய்தன.

இங்கேயும் கசப்பு உண்டு. அடுத்த ஊர்க்காரன் உள்ளே வந்துவிடக்கூடாது, சிறிய வீடு கட்டக்கூடாது, ஒரு ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்று சட்டம் போட்டு ஏழைகளை வெளியே நிறுத்திய நகரங்கள் இருக்கின்றன. ஆனால் அதிகாரம் என்னவோ நிஜமான அதிகாரம். நம்மூரில் அது மாநில அரசின் வரைபடத்தில் இருக்கிறது, ஐயா சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான்.

மனை வாங்கியவன்

லே-அவுட்டில் வீடு கட்டிக் குடியிருக்கும் ஒருத்தனும் பேசட்டும்.

நான் பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவன். டவுனில் மனை விலை எட்டாது, அதனால் இந்தப் பக்கம் வந்தேன். கடன் இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது. எங்கள் தெருவில் விளக்கு இல்லை, மழை பெய்தால் ஸ்கூல் வேன் உள்ளே வராது, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடக்கிறேன். பூங்கா என்று வரைபடத்தில் காட்டிய இடத்தில் மனை விற்றவர் இப்போது செங்கல் அடுக்கி வைத்திருக்கிறார். ஊராட்சியில் கேட்டால் ரோட்டை எங்களுக்கு எழுதியே கொடுக்கவில்லை, நாங்கள் எப்படி விளக்குப் போடுவது என்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் எங்களை "மனைக்காரங்க" என்று ஒதுக்கிப் பேசுகிறார்கள். வாய்க்காலை அடைத்தது நாங்கள் இல்லை. எங்களுக்கு விற்றவரும் அதற்குக் கையெழுத்துப் போட்டவர்களும்தான். ஊரைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்களோ என்று மனசு வலிக்கிறது. என் ஓட்டும் உங்கள் ஊரில்தான் இருக்கிறது.

வாய்க்கால்மேடு

மனை வாங்கிய அண்ணா, உங்களைச் சொல்லவில்லை. எழுதின விதம் அப்படி இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் லே-அவுட் வீடுகளில் இரண்டில் அந்த மழையில் முழங்கால் அளவு தண்ணீர், அவர்களும் ராத்திரி முழுக்கப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள்.

நூறுநாள் மகள் கேட்டதற்குப் பதில்: முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் வீட்டில் அட்டை இருக்கிறது. என் சித்தியும் போகிறார். நாங்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஐயா, நீங்கள் சொல்வதைக் கேட்டதும் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது. அப்படியானால் ஊராட்சியாகவே இருந்தாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாதா? வேடிக்கை பார்க்க வேண்டியதுதானா?

ஓய்வுபெற்ற எழுத்தர்

அப்படிச் சொல்லவில்லை தம்பி. இருக்கிற அதிகாரத்தையே யாரும் எடுத்துப் பயன்படுத்துவதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

முதலில் வாய்க்கால். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அது வாய்க்கால் புறம்போக்கு என்று தனிப் புல எண்ணோடு இருக்கும். அ-பதிவேடும், நில அளவைப் படமான புலப்படமும் இப்போது இணையத்திலேயே பார்க்கலாம், பைசா செலவில்லை. புலப்படத்தில் அகலம் மீட்டரில் எழுதியிருக்கும். நாடா எடுத்துக்கொண்டு போய் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏரி யாருடையது என்றும் பாருங்கள், ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நாற்பது ஹெக்டேருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியத்து ஏரி, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. மனு தப்பான கதவைத் தட்டினால் மூன்று மாதம் வீண். நான் பார்த்த மனுக்களில் பாதி இப்படித்தான் செத்துப்போயின.

அப்புறம் மனை வாங்கிய தம்பி சொன்ன பூங்கா. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில் சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதம் பொது ஒதுக்கீட்டு இடம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது, நிலமாகவே தர வேண்டும். அந்த இடத்தையும் சாலைகளையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். உங்கள் ஊரில் மனைப்பிரிவு ஏழு என்கிறீர்கள், ஏழுக்கும் தானப் பத்திரம் இருக்கிறதா? ஊராட்சி அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சில மனைப்பிரிவு ஒப்புதலே இல்லாமல் போட்டதாகவும் இருக்கலாம். உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது, அதற்கப்புறம் 2017-ல் அந்த மனைகளை முறைப்படுத்த வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனையா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் விட முக்கியம். முழுமைத் திட்ட வரைவு வெளியிடும்போது ஆட்சேபணை சொல்ல இரண்டு மாத அவகாசம் இருக்கும். நாளிதழில் அறிவிப்பு வரும். எங்கள் அலுவலகத்துக்கு வரும் ஆட்சேபணைக் கடிதங்களை நான்தான் பதிவேட்டில் ஏற்றுவேன். என் நிலத்தைக் குடியிருப்பு ஆக்குங்கள் என்று கேட்பவர் வருவார், என் கல்குவாரிக்குத் தொழில் நிறம் அடியுங்கள் என்பவர் வருவார். எங்கள் ஏரியையும் வரத்து வாய்க்காலையும் சுற்றி வேளாண் பகுதியாகவே விடுங்கள் என்று கிராம சபைத் தீர்மானத்தோடு வந்த ஊர், நான் இருந்த காலத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஊருக்குக் கேட்டதில் பாதி கிடைத்தது.

களத்துமேடு

கிராம சபைத் தீர்மானத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை, எழுதி வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஏகனாபுரத்தைப் பாருங்கள், பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 முதல் எத்தனை கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். அரசு கேட்டதா?

நூறுநாள் மகள்

அரிட்டாபட்டியையும் பாருங்களேன். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டாயிற்று என்று தெரிந்ததும் மேலூர் பக்கத்து ஊர்கள் 2024 நவம்பர் கிராம சபைகளில் தீர்மானம் போட்டன. அப்புறம் போராட்டம், சட்டமன்றத் தீர்மானம், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன், மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரை வரைக்கும் நடந்தார்கள். ஆனால் கூடிப் பேச ஒரு சபை இருந்ததால்தானே அத்தனை ஊரும் ஒரே வார்த்தையைச் சொல்ல முடிந்தது. அதுவும் இல்லாமல் போனால் மனு எழுதி ஆளுக்கு ஒரு பக்கமாக அலைய வேண்டியதுதான்.

ஒடிசாவில் நியம்கிரி மலைக்காகப் பன்னிரண்டு கிராம சபைகள் வேண்டாம் என்று சொல்லி 2013-ல் சுரங்கத்தை நிறுத்தின என்று அடிக்கடி சொல்வார்கள். அதற்குப் பின்னால் வன உரிமைச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தன, நம் சமவெளி ஊருக்கு அப்படியே பொருந்தாது. இதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், பொய் நம்பிக்கை வேண்டாம்.

வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கள் ஊரில் பெண்கள்தான் கூட்டம். மே மாதம் எங்கள் அம்மா எழுந்து நின்று, போன தடவை எழுதின தீர்மானத்தை முதலில் வாசியுங்கள் என்றார். செயலர் புத்தகத்தைப் புரட்டினார், அந்தப் பக்கத்தில் தேதியும் கையெழுத்துகளும் இருந்தன, தீர்மானம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அன்றைக்கே எல்லோர் முன்னாலும் எழுத வைத்தார்கள். கைநாட்டு வைக்கிறவர் எங்கள் அம்மா. இதைப் பேரூராட்சி அலுவலகத்தில் எந்த மேஜைக்கு முன்னால் நின்று செய்வார்?

பேரூராட்சிவாசி

எல்லாம் சரி. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. நீங்களாகக் கேட்காவிட்டால் பக்கத்து நகராட்சி உங்களை விழுங்கிவிடும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை மாநகராட்சி நகராட்சிகளோடு இணைப்பதாக அறிவித்தார்களே. அப்படி விழுங்கப்பட்டால் உங்கள் ஊர் ஒரு வார்டில் பாதி. முன்கூட்டியே பேரூராட்சி ஆகிவிட்டால் தனி மன்றமாவது மிஞ்சும் இல்லையா? நெடுஞ்சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் என்கிறீர்கள், அது ரொம்ப நாளைக்கு நாலு கிலோமீட்டராக இருக்காது.

ஓய்வுபெற்ற எழுத்தர்

பேரூராட்சி என்ற பெயர் அதிலிருந்து காப்பாற்றாது. 2011-ல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது 42 உள்ளாட்சிகள் அதற்குள் போயின, அதில் எட்டு பேரூராட்சிகள். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைத்தபோது சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள் சேர்ந்துகொண்டன. யார் மிஞ்சுவது என்பதை மாநகரத்தின் எல்லை எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதுதான் முடிவு செய்கிறது.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. உண்மையிலேயே ஊர் பெருத்துவிட்டால், விவசாயம் பேருக்கு மட்டும் மிஞ்சினால், ஒரு செயலரையும் நாலு தூய்மைக் காவலரையும் வைத்துக்கொண்டு பத்தாயிரம் பேரின் குப்பையை அள்ள முடியாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 376 இடங்களைக் கணக்கெடுப்பு நகரம் என்று வகைப்படுத்தினார்கள், நகரத்துக்கான மக்கள்தொகையும் நெருக்கமும் வந்தும் நகர்ப்புற உள்ளாட்சி ஆகாத ஊர்கள் அவை. அங்கே சாக்கடைக்கு யாரும் பொறுப்பில்லாமல் ஜனங்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்தில் பேரூராட்சி கேட்பது சரி. வாய்க்கால்மேடு தம்பியின் ஊர் இன்னும் அங்கே வரவில்லை என்பது என் அபிப்பிராயம். இன்னும் ஏர் ஓடுகிற ஊர்.

மனை வாங்கியவன்

தானப் பத்திர விஷயம் எனக்குத் தெரியாது ஐயா. நாளைக்கே பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன். ரோடு விற்றவர் பெயரிலேயே இருந்தால் எங்கள் தெருவில் இருபத்தாறு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு அடுத்த கிராம சபைக்கு வருகிறோம். இதுவரை நாங்கள் யாருமே போனதில்லை, எங்களைக் கூப்பிடவும் இல்லை, நாங்களாகப் போகலாம் என்றும் தோன்றவில்லை.

வாய்க்கால்மேடு

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். பேரூராட்சித் தீர்மானத்தை இப்போதைக்கு விட்டுவிட்டோம். நாலு பேருக்கு இன்னும் கோபம், பரவாயில்லை, அவர்களும் அளக்க வந்தார்கள்.

புலப்படத்தை இறக்கி அச்செடுத்தோம். வரத்து வாய்க்கால் ஏழு மீட்டர் அகலம் என்று இருக்கிறது. மதில் ஓரமாக ஐந்து இடத்தில் நாடா பிடித்தோம். அதிகபட்சம் இரண்டே முக்கால் மீட்டர், ஒரு இடத்தில் ஒன்றரை. அந்த ஒன்றரை மீட்டர் இடத்துக்கு நேர் கிழக்கேதான் கீழத்தெருவின் முதல் வீடு. லே-அவுட் வீட்டுக்காரர் ஒருத்தர் தானாகவே வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார், தண்ணீர் அவர் வீட்டுச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது என்று கோடு கிழித்து வைத்திருந்ததைக் காட்டினார். படம் எடுத்து அளவோடு சேர்த்திருக்கிறோம்.

ஆயக்கட்டு முப்பத்தொரு ஹெக்டேர், ஆக ஒன்றியத்து ஏரி. மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் போய்விட்டது. ஏழு மனைப்பிரிவில் மூன்றுக்கு மட்டும் தானப் பத்திரம் இருக்கிறது, மிச்ச நாலுக்குப் பீரோவில் ஒன்றும் இல்லை என்று செயலர் எழுதியே கொடுத்துவிட்டார்.

ஐயா, கடைசியாக ஒன்று. அக்டோபர் 2 தீர்மானத்தில் வாய்க்காலையும் நாலு தானப் பத்திரத்தையும் ஒரே தீர்மானமாக எழுதலாமா, தனித்தனியாக எழுத வேண்டுமா? முழுமைத் திட்ட ஆட்சேபணைக்கு இப்போதே ஒரு தீர்மானம் எழுதி வைத்தால் வரைவு வரும்போது செல்லுமா, அப்போது புதிதாகப் போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற எழுத்தர்

தனித்தனியாக எழுதுங்கள் தம்பி, ஒன்றுக்கு ஒரு எண். சேர்த்து எழுதினால் ஒரு துறை இன்னொரு துறைக்குத் தள்ளிவிடும். ஒவ்வொன்றிலும் புல எண்ணையும் அளவையும் எழுத்தால் எழுதுங்கள், இலக்கத்தில் மட்டும் விடாதீர்கள். முழுமைத் திட்டத்துக்கு இப்போது ஒன்று போட்டு, திட்டக் குழும அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள், வரைவு வந்ததும் அதைக் குறிப்பிட்டு மறுபடி ஒன்று போடுங்கள். கூட்டம் முடியும் முன்னால் தீர்மானப் புத்தகத்தை வாசிக்கச் சொல்ல மறக்க வேண்டாம். வரைவு எழுதி இங்கேயே போடுங்கள், பார்த்துத் திருத்தித் தருகிறேன்.